தெர்மோஸ்டாட் ஷவர் மிக்சர்: சில வருஷம் புழங்கிய பிறகு

கோயம்புத்தூர் வீட்டு பாத்ரூமைப் புதுப்பித்தபோது டைல்ஸைவிட, வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து ஒரே சூட்டில் தரும் இந்த மிக்சருக்குத்தான் அதிகம் அலைந்தேன். காரணம் அத்தை. வயது எண்பதை நெருங்குகிறது. சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் போதும், பாத்ரூமில் பச்சைத்தண்ணீர் குறைந்து வெந்நீர் சுள்ளென்று கொட்டும். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் சுமார் 5 வினாடியில் தோல் வெந்துபோகும். வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். கீசரையே குறைத்து வைக்கலாமே என்பீர்கள். 15 லிட்டர் கீசரை 45-இல் வைத்தால் அடுத்து குளிப்பவருக்கு வெந்நீர் மிஞ்சாது.

இந்த மிக்சருக்குள் மெழுகு அடைத்த ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. கலந்த தண்ணீர் சூடேறினால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியை அடைக்கும். ஆறினால் சுருங்கித் திறந்துவிடும். கரண்ட் வேண்டாம். திருகு 38 டிகிரியில் நின்றுவிடும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். மாட்டிய அன்றே, ஷவர் ஓடும்போது பச்சைத்தண்ணீர் லைனை மூடச் சொன்னேன். ஓரிரு நொடியில் ஷவர் சொட்டுச் சொட்டாகி நின்றது. “பரவாயில்லைங்க, காசுக்கு வேலை செய்யுது” என்றார் பிளம்பர்.

கடையில் நிறத்தையும் பளபளப்பையும்தான் காட்டினார்கள். பார்க்க வேண்டியது பிரஷர். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், பல மாடல்களுக்குக் குறைந்தது 0.5, சிலவற்றுக்கு 1 பார் வேண்டும். ஆகவே பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அந்தப் பம்ப் லைனிலிருந்தே கீசருக்கும் தண்ணீர் போகட்டும், கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்றால். பச்சைத்தண்ணீர் பம்பிலிருந்தும் வெந்நீர் வெறும் தொட்டி அழுத்தத்திலும் வந்தால் மிக்சர் திணறும்.

அடுத்த தலைவலி உப்பு. சிறுவாணி மட்டும் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் தொட்டியில் போர் தண்ணீரும் கலக்கிறது. மிக்சர் வாயில் இருக்கும் வலையில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து, ஷவர் மெலிந்துவிடும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் சரியாகிறது. திருகையும் அவ்வப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் இறுகிவிடும். சுவருக்குள் புதைக்கும் மாடல் அழகுதான், ஆனால் இந்தத் தண்ணீருக்கு வெளியே மாட்டும் மாடலே மேல். டைல்ஸை உடைக்காமல் ஸ்பேனரோடு முடிந்துவிடும்.

அப்புறம், அத்தை ஷவரில் நிற்பதே இல்லை, வாளியும் கப்பும்தான். கீழே குழாய் உள்ள மாடலாக எடுத்ததால் வாளியிலும் அதே 38 டிகிரி விழுகிறது.

ஒன்று மட்டும் இதனால் ஆகாது. ஏப்ரல், மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே காய்ந்து வரும்போது, கலக்கக் குளிர்ந்த தண்ணீர் எங்கே இருக்கிறது? அதற்குத் தொட்டிக்கு மேல் ஒரு கூரைதான் போட வேண்டும்.