மேசை ஸ்பீக்கரும் சின்ன அறையும்: நாள்பட்ட புழக்கத்தில் தெரிந்தவை

இங்கே பேசப்போவது 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையைப் பற்றி. கணினி மேசை 3 மீட்டர் அகலச் சுவரை ஒட்டி, நடுவில் கிடக்கிறது. ஸ்பீக்கர்கள் 4.5 அங்குல வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கானது) 1 அங்குல ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கானது) கொண்ட ஆக்டிவ் ஜோடி, அதாவது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் வகை. பிராண்டு பெயரைச் சொல்லாமல் விடுவது வேண்டுமென்றேதான். இந்த அளவில் ஒழுங்காகச் செய்த எந்த ஜோடியை வைத்தாலும், சுமார் 230 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்கு என்ன வந்து சேரும் என்பதை அறைதான் முடிவு செய்கிறது. பெட்டியை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பலர் கடைசிவரை அதே கும்மலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் என்று பார்க்கக் கணக்கு எளிது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, 343-ஐ அதனால் வகுத்தால் அந்தத் திசையின் முதல் ஒத்ததிர்வு கிடைக்கும். இந்த அறையில் நீளத்துக்கு 49, அகலத்துக்கு 57, உயரத்துக்கு 61 ஹெர்ட்ஸ். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பதால் அங்கேதான் அதிர்வு குவியும் என்று தோன்றும். ஆனால் நாற்காலி இருக்கும் இடத்தில் நடப்பது வேறு. அகலத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் 57 ஹெர்ட்ஸின் பள்ளத்தில், அதாவது அந்த ஒலி ஏறக்குறையக் கேட்காத இடத்தில், தலை இருக்கிறது. உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 1.2 மீட்டர்; உயரத்தின் பாதி 1.4. ஆகவே 61 ஹெர்ட்ஸும் மெலிந்துதான் கேட்கும். இவற்றின் இரட்டிப்பான 114, 122 ஹெர்ட்ஸ் இரண்டும் அதே இடத்தில் உச்சத்தில் நிற்கின்றன. ஆண் குரல் தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்துக் கேட்பதும், பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் முட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். “பேஸ் அதிகம்” என்று சொல்லி முழு பேஸையும் குறைத்தால், ஏற்கெனவே இல்லாத 60 ஹெர்ட்ஸ் இன்னும் காணாமல் போகும். 115 பக்கத்துக் கும்மல் அப்படியே இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வூஃபர் அளவு முதல் கேள்வி. 3 அங்குலம் பொதுவாக 75–80 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 4.5 அங்குலம் 55–60 வரை, 5 அங்குலம் 45–50 வரை. மேசையிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் கேட்பதற்கு 4 முதல் 5 அங்குலம் போதும். 8 அங்குலத்தை இப்படி ஒரு அறையில் வைத்தால் கிடைப்பது சுவரின் சத்தம்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டியில் ‘பிஎம்பிஓ’ (கண நேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்காமலே விட்டுவிடலாம். தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண் ஒன்றுதான் பேசும். 85 டெசிபெல் உணர்திறன் (1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் தரும் ஒலி அளவு) உள்ள ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 80 செ.மீ.யில் ஏறக்குறைய 87 டெசிபெல் தரும். அதுவே அறைக்குள் உரக்கக் கேட்கும் அளவு. ஒரு பக்கத்துக்கு 20–30 வாட் இருந்தால் திடீர் முழக்கங்களுக்கும் மிச்சம் இருக்கும்.

கடையில் யாரும் சோதிக்காத இரண்டு விஷயங்கள் தினசரிப் புழக்கத்தில் உயிரை எடுக்கும். ஒன்று, உஸ்ஸ் இரைச்சல். பாட்டு எதுவும் ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து வரும் இந்தச் சத்தம் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் தெரியாது. மேசையில், இரவில், தெரியும். வாங்கும்முன் வால்யூமைப் பாதியில் வைத்து, எதையும் ஓட்டாமல், 60 செ.மீ. தூரத்தில் காதை வைத்துப் பார்க்கவும். இரண்டாவது, தானாகத் தூங்கிப்போகும் வசதி. மெல்லிய ஒலியில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் இல்லை என்று எண்ணிச் சில மாடல்கள் அணைந்துவிடும். பிறகு விழிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்ளும், அந்த ஒரு நொடியில் அறிவிப்பு ஒலியும் பேச்சின் முதல் சொல்லும் போய்விடும். இதை நிறுத்திவைக்கப் பின்புறம் ஒரு சுவிட்ச் உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப் இருந்து மற்றதற்கு வயர் போகும் ஜோடியானால், அந்த வயர் சாதாரண இரட்டைச் செம்பு வயரா என்று கவனிக்கவும். தனி வடிவப் பிளக் என்றால் நீளம் போதாதபோதும், அறுந்துபோகும்போதும் மாற்று கிடைக்காது. ப்ளூடூத் பாட்டுக்குச் சரி. வீடியோ ஓட்டும் செயலிகள் தாமதத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். விளையாட்டும் எடிட்டிங்கும் சரிக்கட்டாது, அங்கே 100–200 மில்லிநொடி பின்தங்குவது நன்றாகவே தெரியும்.

வைக்கும் இடம்

ட்வீட்டர்கள் இரண்டும் தலையும் சேர்ந்து சமபக்க முக்கோணம், பக்கத்துக்கு 80 செ.மீ.; முகப்பு காதை நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்க வேண்டும். இது எல்லோரும் சொல்வது. அதிகம் சொல்லப்படாதது மேசைப் பலகை செய்யும் வேலை. ட்வீட்டர் மேசையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும் காது 45 செ.மீ. உயரத்திலும் இருந்தால், பலகையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட ஏறக்குறைய 15 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது. விளைவு, 1,100 ஹெர்ட்ஸ் அருகே ஆழமான ஒரு பள்ளம். குரல் தெளிவு குடியிருக்கும் இடமே அதுதான். 25 செ.மீ. உயர ஸ்டாண்டில் ஏற்றி ட்வீட்டரைக் காதின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பள்ளம் 470 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். பலகையில் பட்டு வரும் ஒலி அதிகத் தூரம் வருவதால் அதன் ஆழமும் குறையும். ஸ்டாண்டுக்குக் கனமான மரக்கட்டையே போதும். வெறும் சாய்வுப் பஞ்சு மட்டும் வைத்தால் ட்வீட்டர் காதைப் பார்க்கும், பள்ளம் போகாது.

மானிட்டர் திரை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் உள்பக்கத்து ஒலி அதில் மோதித் திரும்பும். ஸ்பீக்கரின் முகப்பு திரைக்கு நேராகவோ ஒரு விரல் முன்னாலோ இருக்கட்டும்.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் அதிகக் குழப்பம். ஸ்பீக்கருக்குப் பின்னுள்ள சுவரில் மோதித் திரும்பும் ஒலி, முகப்புக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் நான்கு மடங்கை அலைநீளமாகக் கொண்ட அதிர்வெண்ணை அழித்துவிடும். முகப்பு சுவரிலிருந்து 35 செ.மீ. என்றால் 245 ஹெர்ட்ஸ், 60 செ.மீ. என்றால் 143. “சுவரைவிட்டு முன்னால் இழு” என்ற பொது அறிவுரை பெரிய கூடத்துக்குச் சரி. இங்கே பாதி வழி இழுத்து வைத்தால் பள்ளம் எதனாலும் உறிஞ்ச முடியாத இடத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே பெட்டியின் பின்பக்க பேஸ் துளை மூச்சுவிட 10–12 செ.மீ. மட்டும் விட்டு ஒட்டியே வைத்து, பின்னுள்ள சுவரில் 10 செ.மீ. தடிமன் ராக்வூல் (பாறை நார்) பலகை மாட்டுவது நல்லது. அப்படி ஒட்டி வைக்கும்போது பேஸ் கூடும். அதற்குத்தான் பின்புறம் −2, −4 டெசிபெல் என்று சுவிட்ச் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் துளையில் ஒரு பஞ்சு உருண்டை.

நாற்காலியின் இடமும் ஓர் அமைப்புதான். நீளத்தின் நட்டநடு, அதாவது 1.75 மீட்டர், 49 ஹெர்ட்ஸின் பள்ளம். தலை ஸ்பீக்கர் பக்கத்து முன்சுவரிலிருந்து 1.2–1.35 மீட்டரில் இருந்தால் ஓரளவு சமநிலை கிடைக்கும். நாற்காலிக்குப் பின்னால் உள்ள பின்சுவரில் முதுகைச் சாய்த்துக் கேட்பவருக்கு எந்த ஸ்பீக்கரும் கும்மென்றுதான் கேட்கும்.

சுவருக்கு என்ன செய்வது

முட்டை அட்டை பயனில்லை. 2.5 செ.மீ. பிரமிட் பஞ்சும் ஏறக்குறைய அப்படித்தான். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் உறிஞ்சும். அதைச் சுவர் முழுக்க ஒட்டினால் மேல் ஒலி செத்து, கீழ் ஒலி அப்படியே நின்று, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பரப்பைக் குறைத்துத் தடிமனைக் கூட்டுவதே சரியான வழி. 120 × 60 செ.மீ. அளவில், 10 செ.மீ. தடிமனில், கன மீட்டருக்கு 40–60 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் அல்லது கிளாஸ்வூல், மரச்சட்டத்துக்குள். மேலே போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். வராத துணி ஒலியையும் திருப்பி அனுப்பும். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம், அரிப்பு நாள் முழுக்க விடாது.

எங்கே மாட்டுவது? நாற்காலியில் ஒருவர் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடம்தான் முதல் எதிரொலிப்பு. இரு பக்கமும் தலா ஒன்று, ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு, மீதி இருந்தால் மூலைகளில் குறுக்காக. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் சுவர் என்றால் குரல் நடுவிலிருந்து நகர்ந்து நிற்கும். ஜன்னலில் கனத் திரையை இரட்டை மடிப்பாக, கண்ணாடியிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிடவும். பின்சுவரில் மெத்தையோ புத்தக அலமாரியோ இருந்தால் அதுவே நல்ல வேலை செய்யும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஈக்யூ, அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவுதிருத்தக் கோப்புடன் வரும் யுஎஸ்பி மைக்கும் போதும். மைக்கைக் காது இருக்கும் இடத்தில் வைத்து 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை ஏறிச் செல்லும் சோதனை ஒலி (ஸ்வீப்) ஓட்டினால், மேலே கணக்கில் வந்த உச்சம் வரைபடத்தில் எங்கே, எத்தனை டெசிபெல் என்று தெரியும். அதை விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் பதியலாம்: பீக் வடிகட்டி, மையம் 117 ஹெர்ட்ஸ், −6 டெசிபெல், கியூ (எண் கூடக் கூட வடிகட்டி குறுகும்) 4 என்பதுபோல. 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கை வைக்க வேண்டாம். தலையைச் சற்று நகர்த்தினால் அங்குள்ள வரைபடமே மாறிவிடும். பள்ளத்தை ஏற்றவும் கூடாது. 57-இல் 8 டெசிபெல் ஏற்றுவது வூஃபரிடம் ஆறு மடங்குக்கும் மேல் மின்திறன் கேட்பது; நாற்காலிக்கு வருவதோ ஒன்றுமில்லை. சப்வூஃபர் சேர்த்தாலும் இதே கதைதான், நாற்காலி நகராமல் அந்தப் பள்ளம் நிரம்பாது. இரவில் மெல்லக் கேட்பவர்களுக்கு மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபெல் ஏற்றிய தனி அமைப்பு ஒன்று உதவும், ஏனென்றால் ஒலி குறையக் குறையக் காது பேஸை முதலில் இழக்கும். அதற்கு அதே மென்பொருளில் மொத்த ஒலி அளவான ப்ரீஆம்பை −3 என்று வைக்க மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் கரகரக்கும்.

நாளாக ஆக வரும் தொல்லைகள்

மவுஸை நகர்த்தும்போது சீறுவதும், 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் ம்ம்ம் என்று உறுமுவதும் எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வதால் வரும் இரைச்சல். கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார்க்கவும். நிற்காவிட்டால் பேலன்ஸ்டு வெளியீடு (ஒரே சிக்னலை எதிரெதிராக இரண்டு வயர்களில் அனுப்புவது) உள்ள டிஏசி, அதாவது டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி, அல்லது ஆடியோ கேபிளின் நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுங்கள் என்று யோசனை சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து. இன்னொரு பொறி: கணினியின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ வெளியீட்டை ஒரே டிஆர்எஸ் (மூன்று தொடர்புப் பிளக்) கேபிளில் ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகினால், இடதிலிருந்து வலது கழிக்கப்பட்டு, நடுவில் நிற்கும் பாடகர் குரல் மாயமாகிவிடும். ஸ்பீக்கர் பழுது என்று திருப்பி அனுப்புமுன் இதைப் பார்க்கவும்.

வால்யூம் திருகு அடிமட்டத்தில் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் உரக்கக் கேட்பது மலிவான பொடென்ஷியோமீட்டரின் இயல்பு. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கணினியில் செய்தால் சமமாகவும் இருக்கும், திருகும் தேயாது. சில வருடங்களில் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டுப் பத்திருபது முறை முழுக்கத் திருகினால் போதும். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரானால் நீண்ட காலம் உழைக்கும். பஞ்சு வளையம் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கும். பழைய ஜோடி வாங்குவதானால், வலையைக் கழற்றி அந்த வளையத்தை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்க்கவும். பொடி ஒட்டினால் வேண்டாம்.