ஜெனரிக் லெவெடிராசிட்டம்: மருந்தில் குறையில்லை, மஞ்சளும் வெள்ளையும்தான் தொல்லை

"வலிப்பு மாத்திரையை ஜெனரிக்குக்கு, அதாவது அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்து விற்கும் மலிவு மாத்திரைக்கு, மாற்றலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் வேண்டும். எந்த மருந்து என்று திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கேட்காமல் எப்படிச் சொல்வது? லெவெடிராசிட்டத்துக்கு ஒரு பதில், ஃபெனிட்டாயினுக்கு நேர் எதிர்ப் பதில். இது முதலாவதைப் பற்றியது: காலை ஒன்று, இரவு ஒன்று என்று வருடக்கணக்கில் விழுங்கப்படும் சாதாரண 500 மி.கி. மாத்திரை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகப்போகக் கோபம் வந்துவிடும்.

1999-இல் அமெரிக்காவில் கெப்ரா என்ற பெயரில் அனுமதி பெற்ற மருந்து இது. அங்கே ஜெனரிக் வந்தது 2008-இல். குடலிலிருந்து கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். டோஸ் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் ரத்த அளவும் கூடும். கல்லீரலுக்குப் பெரிய வேலை வைக்காது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு உருமாறாமல் சிறுநீரில் போய்விடும். இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் மருந்தை, தரக்கட்டுப்பாடு உள்ள எந்தத் தொழிற்சாலையும் எளிதில் கெடுத்துவிட முடியாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் வலிப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்தது. தயாரிப்பாளரை மாற்றவே கூடாதவை முதல் வகை: ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஃபினோபார்பிட்டால், பிரிமிடோன். வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், டோபிராமேட் போன்றவை இரண்டாம் வகை. மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவெடுக்க வேண்டும். லெவெடிராசிட்டம் மூன்றாம் வகை. குறிப்பிட்ட காரணம் இல்லாவிட்டால் ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"ஜெனரிக் அசலில் 80 முதல் 125 சதவீதம் வரை இருக்கலாமாமே, அப்படியானால் 45 சதவீதம் வித்தியாசமா?" என்று பயமுறுத்துபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அந்த எண்கள் மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைச் சொல்பவை அல்ல. அசலும் ஜெனரிக்கும் ரத்தத்தில் சேரும் அளவுகளை ஒப்பிட்டு ஒரு விகிதம் கணக்கிடுவார்கள். அந்த விகிதத்தின் நிச்சயமின்மை வரம்பு முழுவதும் 80-க்கும் 125-க்கும் உள்ளே அடங்க வேண்டும். சராசரி 100-ஐ ஒட்டி இல்லாவிட்டால் அடங்குவது கடினம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் அதிகாரிகள் 2,070 சோதனைகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட கணக்கில், ரத்தத்தில் சேரும் மொத்த அளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

ஆக, மருந்து சரி. இனி எரிச்சல்.

அசல் கெப்ராவில் 250 நீலம், 500 மஞ்சள், 750 ஆரஞ்சு, 1000 வெள்ளை. படிக்கத் தெரியாதவருக்கும், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கும், வலிப்பு வந்து அரை மயக்கத்தில் இருப்பவருக்கும் நிறம்தான் எழுத்து. ஜெனரிக்கில் அந்த எழுத்து அழிந்துவிடுகிறது. சில கம்பெனிகள் அதே நிறங்களைப் பின்பற்றுகின்றன. சில எல்லா அளவையும் வெள்ளையாகவே போடுகின்றன. கடைக்காரர் இந்த மாதம் எது மலிவாக வந்ததோ அதைத் தருவார். போன மாதம் மஞ்சள் நீள்வட்டம், இந்த மாதம் வெள்ளை, அடுத்த மாதம் கடவுளுக்கே வெளிச்சம். அசலும் ஜெனரிக்கும் சமமா என்று பார்க்கும் சோதனையில் நிறத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இது அழகு பற்றிய புகார் அல்ல. காலை 500, இரவு 750 சாப்பிடுபவரின் டப்பாவில் இரண்டும் வெள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொரு விபத்தும் நடப்பதுண்டு: புது நிறத்தைப் பார்த்து இது வேறு மருந்து என்று நினைத்து, மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்து விழுங்குவது. மூன்றாவது, சந்தேகத்தில் எதையுமே சாப்பிடாமல் விடுவது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வலிப்பு மாத்திரையின் நிறம் மாறியவர்கள் மருந்தை இடையில் விட்டுவிடும் வாய்ப்பு 27 சதவீதம் கூடுதல் என்று கண்டது. ரசாயனம் சமம் என்று நிரூபித்துவிட்டு, மனிதர் விழுங்குவாரா என்பதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள்.

சமாளிக்க வழி உண்டு; ஆனால் அந்த வேலை முழுக்க நோயாளியின் தலையில். மூன்று மாத மருந்தை ஒரே தடவையில், ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்கினால் நிறம் மாறுவது வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் போகாது. விலையும் சில இடங்களில் குறையும். டோஸ் இன்னும் நிலைப்படாத நேரத்தில் மட்டும் அப்படி வாங்க வேண்டாம். அளவை மாற்றினால் அத்தனையும் வீண். பழைய அட்டை தீர்வதற்குப் பத்து நாள் முன்பே கடைக்குப் போங்கள். கடைசி மாத்திரையோடு போய் நிற்பவருக்குக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அட்டையில் தயாரிப்பாளர் பெயர், மி.கி., பேட்ச் எண் மூன்றையும் காலண்டரில் குறித்துவையுங்கள். தயாரிப்பாளரை மாற்றும் வாரத்தில் டோஸையும் மாற்றாதீர்கள். காய்ச்சல், பயணம், தூக்கம் கெடும் நாட்களில் மாற்றவே வேண்டாம். தூக்கமின்மையால் வந்த வலிப்புக்கு ஜெனரிக் பழி சுமக்கும், நீங்களும் காலமெல்லாம் அசலுக்குப் பணம் கட்டுவீர்கள்.

பணக் கணக்கில் பலர் தவறவிடும் இடம் ஒன்று. அட்டை விலையைப் பார்க்காதீர்கள், மி.கி. விலையைப் பாருங்கள்: அட்டையின் விலையை, மாத்திரை எண்ணிக்கையையும் மி.கி.யையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 1000 மி.கி. மாத்திரை பெரும்பாலும் இரண்டு 500-ஐவிட மலிவு. நாளுக்கு 1500 மி.கி. என்றால் மாதம் அறுபது 750 மாத்திரை போதும். 500-ம் 250-ம் சேர்த்து எடுத்தால் நூற்றிருபது. மருத்துவர் டோஸைக் கூட்டும்போது பழைய அளவின் மேல் ஒன்று சேர்த்து எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடுவதுண்டு. அடுத்த முறை ஒரே மாத்திரையாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாதியாக உடைத்தும் மிச்சம் பிடிக்கலாம், நடுவே கோடு போட்ட சாதாரண மாத்திரை என்றால் மட்டும். மெதுவாகக் கரையும் எக்ஸ்ஆர் வகையை உடைத்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். கத்தியை விட மாத்திரை வெட்டி நல்லது. ஒவ்வொன்றாக உடைத்து, இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்த வேளையில் சாப்பிடுங்கள். ஒரு பாதி சற்றுப் பெரிதானால் மற்றது ஈடுகட்டும். உடைந்த பக்கம் அசாத்தியக் கசப்பு, தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளவும். எக்ஸ்ஆர் வகையே தேவையா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அது தருவது நாளுக்கு ஒரே வேளை சாப்பிட்டால் போதும் என்ற வசதி. ஆனால் விலைக்கு பயந்து சாதாரண மாத்திரையை ஒரு வேளையாகக் குறைக்காதீர்கள். பெரியவர்கள் உடம்பில் அதன் அரை ஆயுள், அதாவது ரத்த அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 முதல் 8 மணி நேரம்தான். இரவில் மட்டும் சாப்பிட்டால் மறுநாள் மாலை ரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம். மாத்திரையை நாள் விட்டு நாள் இழுப்பதும் அப்படித்தான். திடீரென்று அளவு விழுந்தால் நிற்காத வலிப்பு வரலாம், அந்த ஒரு ஆம்புலன்ஸ் இரவு பல மாத மிச்சத்தை விழுங்கிவிடும்.

மலிவு என்று பழைய மருந்துகளுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு: ஃபெனிட்டாயின் மாத்திரை மலிவுதான், ரத்தப் பரிசோதனை மலிவல்ல. அது ஒரு கட்டத்துக்கு மேல் நேர்கோட்டில் நடக்காது. டோஸைக் கொஞ்சம் கூட்டினால் ரத்த அளவு துள்ளிவிடும். 1968-இல் ஆஸ்திரேலியாவில் அந்தக் காப்ஸ்யூலின் நிரப்புப் பொருளைக் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றினார்கள். மருந்தின் அளவு மாறவில்லை, ஆனால் பலருக்கு மருந்து அதிகமாகி நச்சாகியது. கார்பமாசெபினோ ஈரம் பட்டால் கெட்டியாகி, கரையாமல், வீரியத்தில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இழக்கக்கூடும். குளியலறை அலமாரியில் வைத்துவிட்டு ஜெனரிக்கைத் திட்டுவது நியாயமில்லை.

சிறுநீரகம் தளர்ந்தவர்கள், அதன் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லெவெடிராசிட்டம் டோஸையே குறைக்க வேண்டியிருக்கலாம், செலவும் தானாகக் குறையும். எரிச்சல், சிடுசிடுப்பு இந்த மருந்தின் பக்கவிளைவு. அது அசலிலும் உண்டு, ஜெனரிக்கின் தலையில் கட்ட வேண்டாம். (இந்த விமர்சனத்தின் தொனிக்கு அதைக் காரணம் காட்டவும் வேண்டாம்.)

மதிப்பெண் கேட்டால், வேலை செய்வதில் ஐந்துக்கு ஐந்து. விலையிலும் ஐந்து. மொத்தத்தில் இரண்டு. இந்தக் கணக்கு ஒட்டவில்லை என்பது தெரியும். ஒரே பெட்டிக்குள் இரண்டு வெள்ளை மாத்திரைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பொறித்த எண்ணைத் தேடியவருக்கு ஒட்டும். கடையில் அட்டையைப் பாதியாகக் கத்தரித்துத் தந்தால், பெயரும் மி.கி.யும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பாதியையே கேட்டு வாங்குங்கள்.