ஓவியப் பட்டறையா, கவிதைப் பட்டறையா?

மனப்பாரம் குறைய எது உதவும் என்று, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாதத்துக்குள் இரண்டுக்கும் போய்ப் பார்த்தேன். கதைக்கவே மனமில்லாத நேரம் என்றால் ஓவியம்தான். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தூரிகையைக் கழுவும்போது கோப்பைத் தண்ணீரில் நீலம் மெல்லக் கரைவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன், அதுவே போதுமாக இருந்தது. 2016இல் அமெரிக்காவில் 39 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 45 நிமிடம் வரைதல், களிமண், ஒட்டுப்படம் என்று ஏதாவது செய்தபின் முக்கால்வாசிப் பேருக்கு மனஅழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் குறைந்திருந்தது. வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

கவிதை வேறு மாதிரி. செலவு ஒரு கொப்பியும் பேனையும்தான், ஆனால் ஒளிய இடமில்லை. பக்கத்தில் இருந்த அன்ரி 'அம்மாவின் சேலை மணம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, வாசிக்க முடியாமல் கொப்பியை என்னிடம் தள்ளினார். மனக்காயங்களை எழுதுவது பற்றிய அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கரின் 1986 ஆய்விலும் எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்ததாம், பலன் தெரிந்தது மாதங்கள் கழித்துத்தான். அதனால், வாசித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தும் இடமென்றால் நான் எழும்பி வந்துவிடுவேன்.

எனக்கு ஒட்டியது கவிதை. முதல் தடவை போகிறவருக்கு ஓவியத்தைத்தான் சொல்வேன். நாள்கணக்காக நித்திரை இல்லையென்றால் இரண்டும் போதாது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள்.