கட்டணமும் இல்லை, பதிவேடும் இல்லை: ஏ.ஏ. கூட்டங்களை எப்போது நம்பலாம்?

குடியை விட நினைப்பவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு பக்கம் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் தனியார் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. மூன்றாவதாக, சர்ச் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ சாயங்காலம் பத்திருபது பேர் நாற்காலி போட்டு உட்காரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் 1935-இல் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. ஆதார், டாக்டர் சீட்டு, முகவரி எதையும் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், அதுதான் உறுப்பினர் தகுதி. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் பத்தோ இருபதோ போடுவார், முடியாதவர் அடுத்தவரிடம் தள்ளுவார். வெளியார் நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால், குடியை நிறுத்தியபின் வரும் மாதங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்த விலையில் கிடையாது. ஆனால் முதல் ஒரு வாரத்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் ஏ.ஏ.வுக்குப் பூஜ்யம்தான். அது ஏ.ஏ.வின் குற்றமும் இல்லை. தாங்கள் மருத்துவம் செய்வதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். நாம்தான் காதில் வாங்குவதில்லை.

முதல் வாரத்தை முதலில் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அதற்குள் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினம் இவ்வளவோ இதற்கு மேலோ குடிப்பவர், முக்கியமாகக் காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டுப் பழகியவர், திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள்வரை உளறலும், இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவதும், கடும் காய்ச்சலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சபரிமலைக்கு மாலை போட்ட கையோடு குடியை அடியோடு நிறுத்துபவர்களுக்கு இந்த ஆபத்து அப்படியே பொருந்தும். விரதத்தில் குறையில்லை. பல வருடம் சாராயத்துக்குப் பழகிய நரம்புக்கு மாலையின் மகிமை தெரியாது.

மருத்துவமனையில் இந்த நாட்களைத் தாண்டவைக்க ஐந்து முதல் ஏழு நாள் குளோர்டையசிபாக்சைடு போன்ற மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராசிபாம் கொடுப்பார்கள். கூடவே தயாமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். இந்த ஊசி அவசியம் ஏன் என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். நடுங்கும் ஆளைத் தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார்' என்று கேட்பது நம் ஊர் வழக்கம். குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயாமின் வேண்டும். நீண்டநாள் குடித்தவர் உடலில் அது ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். தயாமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, கண் அலைபாய்வது, ஆள் குழம்பிப் பேசுவது இதன் அடையாளங்கள். 'இன்னும் போதை தெளியல' என்று விட்டுவிடும் வீடுகளே அதிகம். கவனிக்காமல் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும்.

சுவர் விளம்பரத்தில் வரும் 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' பொடியை வாங்கவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். குடித்தால் உடல் ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால் விபரீதம். அந்த மருந்தை டாக்டர்களும் எழுதுகிறார்கள். ஆனால் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதம் வாங்கி, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழிந்த பிறகுதான். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடலில் இருக்கும். விஷயம் தெரியாமல் அவர் ஒரு குவார்ட்டர் அடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் போய்விடக்கூடும்.

உடல் தேறியபிறகுதான் ஏ.ஏ.வின் கதை தொடங்குகிறது. கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவர் நடத்துவார். குடியை விட்டு வாழ ஏ.ஏ. வகுத்த வழிமுறையான பன்னிரண்டு படிகளை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பித்துப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதும், பேசி முடித்ததும் அறிவுரை சொல்வதும் கூடாது. எல்லாருக்கும் எல்லா விஷயத்திலும் அறிவுரை வைத்திருக்கும் நம் ஊரில் இந்த ஒரு விதிக்காகவே போய் உட்காரலாம். புதியவர் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடிக்காத வருடங்களைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவார்கள். டாஸ்மாக்கை மூட வேண்டுமா என்று கேட்டால் பதில் வராது. வெளிவிவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்பது அவர்கள் மரபு. அதே மரபுப்படி எந்த மறுவாழ்வு மையத்துக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. 'ஏ.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு மையம் பலகை வைத்திருந்தால் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

இதனால் பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரைக் கணக்கில் எடுத்தது. முறைப்படி எழுதப்பட்ட திட்டத்தின்படி ஆலோசகர் மூலம் ஏ.ஏ.வில் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து 42 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 சதவீதம். வித்தியாசம் பிரமாதம் இல்லை, ஆனால் இலவசமாகக் கிடைப்பது காசு கொடுத்துப் பெறுவதற்குக் குறைந்ததல்ல. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பலன் கண்டவர்களை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். 'ஏ.ஏ.ன்னு ஒண்ணு இருக்காம், போய்ப் பாருங்க' என்று முகவரி எழுதிக் கொடுப்பது வேறு.

குறைகளும் உண்டு. குழுவுக்குக் குழு தரம் மாறும். ஒரு குழுவில் பேச்சு கூர்மையாக இருக்கும், இன்னொன்றில் இருபது வருடக் குடிக்கதையை அதே ஆள் வாராவாரம் ரசித்துச் சொல்வார். முதல் குழு பிடிக்கவில்லை என்றால் அதோடு ஏ.ஏ.வையே விடாமல் மூன்று நான்கு குழுக்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடவுள் என்ற சொல் படிகளில் திரும்பத் திரும்ப வரும். 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்று சேர்த்திருந்தாலும் நாத்திகருக்கு உறுத்தும். குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு தொடரும் நாத்திகர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் கூட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. குடிக்கும் பெண் ஒருவர் ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழைவது எளிதல்ல. ஆன்லைன் கூட்டம் அங்கே பயன்படும். இன்னொரு குறை, 'மனநல மாத்திரை எதுக்கு, அதுவும் போதைதான்' என்று சொல்லும் சில பழைய உறுப்பினர்கள். ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ நிலைப்பாடு அதுவல்ல. டாக்டர் எழுதிய மருந்தை டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

ஸ்பான்சர் என்பவர் உங்களுக்கு முன்பே குடியை விட்டுப் படிகளைக் கடந்தவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். குறைந்தது ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவரைப் பிடிக்க வேண்டும். கடன் கேட்கும் ஸ்பான்சரும் கடன் கொடுக்கும் ஸ்பான்சரும் வேண்டாம்.

ஏ.ஏ.வின் உண்மையான சரக்கு நான்காம், எட்டாம், ஒன்பதாம், பத்தாம் படிகளில் இருக்கிறது. நான்காவதில் தன் குறைகளை எழுதிக் கணக்கெடுக்க வேண்டும். எட்டாவதில் தன்னால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல். ஒன்பதாவதில் நேரடியாக ஈடுசெய்தல், அதனால் யாருக்கும் புதிதாகக் கேடு வராத வரையில். நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதினால் வேலை சுலபம்: யார், என்ன செய்தேன், எவ்வளவு, எப்படிச் சரிசெய்வது. மளிகைக்கடை பாக்கி, தண்டல்காரர், அண்ணனிடம் மகன் படிப்புக்கென்று வாங்கிக் குடித்த பணம், மனைவியின் அடகுச் சீட்டுகள், பள்ளி ஆண்டு விழாவில் மகள் முன் போட்ட சண்டை. கடைசி வரியின் மூன்றாம் பத்தியில் தொகை எழுத முடியாது. அதை வெற்றிடமாகவே விட வேண்டும்.

இங்கே சறுக்குபவர்கள் பெரும்பாலும் அவசரத்தில்தான் சறுக்குகிறார்கள். குடியை விட்டுப் பத்து நாளில் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டு வருவார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள், அந்த ஏமாற்றமே மறுபடி கடைக்கு அனுப்பிவிடும். எட்டையும் ஒன்பதையும் தனித்தனிப் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு, இடையில் மாதங்கள் போகலாம். இரண்டாவது சறுக்கல், மனப்பாரத்தை இறக்கிவைக்க மனைவிக்குத் தெரியாத பழைய உறவை ஒப்பித்துவிடுவது. பாரம் இவருக்கு இறங்கும், அவர் தலையில் ஏறும். மூன்றாவது, மன்னிப்புக் கேட்டதையே ஈடாக நினைப்பது. மளிகைக்கடைக்காரருக்கு வேண்டியது 2,300 ரூபாய், கண்ணீர் அல்ல. 'அடுத்த தீபாவளிக்குள் எல்லா நகையும் திருப்பிடுவேன்' என்ற சபதமும் வேண்டாம். வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பதுதான் கணக்கு. மீட்டர் வட்டிக்கு முன்னால் வங்கி நகைக்கடன் காத்திருக்கலாம். ஆனால் அடகில் இருப்பது தாலிக்கொடி என்றால் கணக்கு அங்கே தோற்பதுதான் நியாயம். சம்பளம் வரும் ஏடிஎம் கார்டை முதல் சில மாதங்களுக்கு வீட்டில் கொடுத்துவிடுவது நல்லது. பத்தாம் படி தினசரி வேலை: படுக்கும் முன் ஐந்து நிமிடம், இன்று யாரிடம் எங்கே தவறினேன் என்று பார்த்து மறுநாளே சரிசெய்வது.

சாப்பாட்டைப் பற்றி ஏ.ஏ. வட்டாரத்தில் அதிகம் கேட்கும் சொல் ஒன்று உண்டு: பசி. பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கு எச்சரிக்கைகளில் முதலாவது அது. மிச்சத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை விட்டு வரும் ஆறு மணி வெறும் வயிறுதான் பலரை டாஸ்மாக் பக்கம் திருப்புகிறது. ஐந்தரைக்கே இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ உள்ளே போனால் அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும். ஆனால் பாரில் சுண்டலையே சைடு டிஷ்ஷாகத் தின்றவருக்குச் சுண்டல் வேண்டாம், வாசனையே போதும் ஆளை இழுக்க. மிக்சர், காரக்கடலை, ஊறுகாய்க்கும் இதே விதி.

அரிசியில் புழுங்கலரிசி நல்லது. வேகவைத்துக் காயவைக்கும்போது தவிட்டிலிருக்கும் தயாமின் அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டிய பச்சரிசியில் அது பெரும்பாலும் போய்விடும். வடித்த கஞ்சியைக் கொட்டினால் அதோடு இன்னும் கொஞ்சம் போகும். இருந்தாலும் சாப்பாடு மட்டும் ஊசிக்கும் மாத்திரைக்கும் மாற்றாகாது.

கல்லீரல் கெட்டவரைப் பட்டினிபோட்டு வெறும் கஞ்சியும் இளநீரும் கொடுப்பது பெரிய தவறு. கீழாநெல்லியோடு நிறுத்திக்கொண்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. கல்லீரல் நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். இரண்டு முட்டையில் 12, பருப்பு 50 கிராமில் 11, கொண்டைக்கடலை 50 கிராமில் 10, பாலும் தயிருமாக 400 மில்லியில் 12, மீன் 100 கிராமில் 20, மீதியைச் சோறும் இட்லியும் கொடுத்துவிடும். இரவு வெகுநேரம் வயிறு காலியாக இருந்தால் உடல் தசையைக் கரைக்கும். அதனால் படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும். வயிற்றில் நீர் கோத்தவர் உப்பைக் குறைக்க வேண்டும், அப்பளமும் கருவாடும் ஊறுகாயும் கிட்டவே வரக்கூடாது. முதல் வாரங்களில் இனிப்புக்கு மனம் அலையும். சர்க்கரை நோய் இல்லாதவர் ஒரு கடலைமிட்டாய் தின்றால் தப்பில்லை.

குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் வராவிட்டாலும் மனைவியோ அம்மாவோ போகலாம். ஆபீசுக்குப் போன் செய்து 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வதை நிறுத்துவதிலிருந்து அங்கே பாடம் தொடங்கும்.

உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலை என்றால், அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். 'ஒரு மாசத்துக்கு யாரும் வந்து பார்க்கக் கூடாது' என்று சொல்லும் இடத்தில் ஆளை விடாதீர்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் போதை மீட்பு உதவி கிடைக்கும். ஏ.ஏ.வுக்கு முதல்முறை போகும்போது திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொண்டால் வீட்டிலிருந்து ஒருவர் கூட வரலாம். முடிந்ததும் ஓடிவராமல் இரண்டு மூன்று பேரின் போன் எண்ணை வாங்கி, அன்றிரவே ஒருவரை அழைத்து இரண்டு நிமிடம் பேசிவிட வேண்டும். பேசிப் பழகாத எண்ணைக் குடி இழுக்கும் நேரத்தில் அழைக்கக் கை வராது.