பிள்ளை கையில் துப்பாக்கி: பொறுப்பு வீட்டுக்கா, பள்ளிக்கா?

சேர்வராயன் மலையில் ஒரு சிறுவன் நாட்டுத் துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்தால், முதல் பொறுப்பு வீட்டுக்குத்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தவருக்கு ஆயுதச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமம் இருந்தாலும் பூட்டி வைப்பது அவர் கடமை. குழல் வாய் வழியே வெடிமருந்தும் ரவையும் கெட்டித்துப் பரணில் வைத்துவிட்டால், எடுக்கும் பிள்ளைக்கு அது நிரம்பியிருப்பதே தெரியாது. மருந்து ஒரு பூட்டில், துப்பாக்கி வேறொரு பூட்டில் இருக்க வேண்டும்.

பள்ளியின் பொறுப்பு சந்தேகம் வந்த நொடியில் தொடங்குகிறது. மற்ற பிள்ளைகளை விலக்கி, ஆயுதத்தைத் தொடாமல் அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகனில் 2021-இல் ஒரு மாணவன் மீது சந்தேகம் வந்து பெற்றோரை வரவழைத்த பள்ளி, பையைச் சோதிக்காமல் அவனை வகுப்புக்கே அனுப்பியது; அவன் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். 2024-இல் அவனுடைய தாய்க்கும் தந்தைக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை விதித்தது நீதிமன்றம்.