தண்ணி ஊத்திக் காட்டினால் நம்பிடாதீங்க: 'வாட்டர்ப்ரூஃப்' சைக்கிள் ஷார்ட்ஸ் பற்றி ஓர் எச்சரிக்கை

ஐப்பசி மழை தொடங்கும் முன்னால் ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் கைக்கு ஒரே மாதிரி ஷார்ட்ஸ் வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், முட்டி வரை நீளம், இடுப்பில் தொங்கும் அட்டையில் 'வாட்டர்ப்ரூஃப், 10,000 மி.மீ, 3 லேயர்'. விலை 2,400 ரூபாய். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. அதே சரக்கு இப்போது வேறு லேபிளில் சுற்றுகிறது, ஆகவே ஆளைவிடச் சரக்கை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் பயன்படும்.

கடையில் நடப்பது எல்லாருக்கும் ஒன்றுதான். "ஒரு சொட்டு இறங்காதுண்ணே, பாருங்க" என்று பாட்டில் தண்ணீரைத் துணிமேல் ஊற்றிக் காட்டுவார்கள். தாமரை இலையில் ஓடுகிற மாதிரி முத்து முத்தாக உருண்டு விழும். பார்த்தவர் பணத்தை எடுத்துவிடுவார். முதல் நல்ல மழையில் அரை மணி நேரம் மிதித்ததும் சீட்டுக்குக் கீழே சொதசொதவென்று ஆகிவிடும்.

ஏன் என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் ஏமாற்ற முடியாது. துணியின் வெளிமுகத்தில் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று அடிக்கிறார்கள், டி.டபிள்யூ.ஆர். என்பார்கள். சொட்டு உருள்வது இந்தப் பூச்சால். அதை எந்தக் குடைத்துணியிலும் அடிக்கலாம். தண்ணீரை உண்மையில் தடுப்பது அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு என்கிற மெல்லிய படலம், அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) கோட்டிங். மேலே ஊற்றும் தண்ணீருக்கு அழுத்தமே கிடையாது, பூச்சு மட்டும் போதும். சீட்டில் உட்கார்ந்தால் கதை வேறு. எழுபது கிலோ ஆள் உட்காரும்போது சுமார் நாற்பது கிலோ சீட்டில் இறங்குகிறது என்று வையுங்கள். அது இரண்டு உட்காரும் எலும்புகளின் அடியில், மொத்தம் ஐம்பது சதுர சென்டிமீட்டரில் விழுகிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ. தண்ணீர்க் கணக்கில் அது எட்டு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அதாவது 8,000 மி.மீ. அட்டையில் போடுகிற 10,000 மி.மீ என்பதும் இதே கணக்குதான்: பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் துணி தாங்குமா என்பது. மழைச்சட்டைக்கு 1,500 மி.மீ இருந்தாலே 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. தோளுக்கு அது சரி. சீட்டுக்குப் பத்தாயிரத்துக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

இனி அந்த ஷார்ட்ஸின் உள்புறம். ஆறு உருப்படிகளைப் புரட்டிப் பார்த்ததில் ஆறிலும் ஒரே குறை. இடுப்புத் தையலிலும் முன்பாக்கெட்டிலும் மட்டும் தையல் துளையை மூடும் ஒட்டுநாடா இருக்கிறது, அதாவது வாங்குகிறவர் கண் போகிற இடத்தில். தொடைச் சந்தில் நான்கு தையலும் சிலுவை மாதிரி ஒரே புள்ளியில் கூடுகின்றன. அந்தப் புள்ளி நேராகச் சீட்டின் மேல் வந்து உட்காருகிறது, அங்கே நாடா கிடையாது. உள்ளே ஃபோன் டார்ச்சை வைத்து வெளியே இருந்து பார்த்தால் ஊசித் துளைகள் வானத்து மீன் மாதிரி மினுக்கும். துணி எத்தனை ஆயிரம் மி.மீ தாங்கினாலும் இந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். இரண்டு உருப்படிகளில் நாடாவை ஒட்டிய பிறகு அதன் மேலேயே அலங்காரத் தையல் ஓட்டியிருக்கிறார்கள், நாடாவுக்கே துளை. '3 லேயர்' என்றதும் பொய். மூன்று அடுக்கு என்றால் வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டி ஒரே துணிபோல் இருக்க வேண்டும். இதில் பி.யூ. பூசிய துணி தனி, உள்ளே தொங்கும் வலைத்துணி தனி. விரலால் பிடித்து இழுத்தால் இரண்டும் பிரிந்து வரும். இதற்கு இரண்டு லேயர் என்றுதான் பெயர்.

ஒழுங்காகத் தைத்த ஷார்ட்ஸில் தொடைச் சந்தில் தனியாக ஒரு துண்டு, பட்டம் வடிவில், வைத்திருப்பார்கள். அதனால் தையல்கள் சீட்டின் நடுவிலிருந்து விலகிப் பக்கங்களுக்குப் போய்விடும். உட்காரும் இடத்தில் ஒரே துணி, தையலே இல்லை. கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மற்றது எல்லாம் அப்புறம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான சோதனை: ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் நாலாக மடித்து மர ஸ்டூல் மேல் போடுங்கள். ஷார்ட்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இரண்டு தாள் பழைய செய்தித்தாளை மடித்துச் சீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, பெடல் மிதிப்பதுபோல் இடமும் வலமும் அசையுங்கள். தாளை எடுத்துப் பார்த்தால் எந்தத் தையலில் இறங்கியது என்று கோடு போட்ட மாதிரி ஈரம் காட்டும். லேபிளைக் கழற்றாமல், வாங்கிய அன்றே செய்துவிட வேண்டும். விற்றவருடன் பேசும்போது அந்தத் தாளின் படம்தான் உங்கள் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு.

காற்றுப் போக்குக்கு இன்னொரு சோதனை உண்டு. டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீர், அதன் வாயில் ஷார்ட்ஸ் துணி உள்முகம் கீழாக, அதன் மேல் குளிர்ந்த கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். மேல் தம்ளரில் இரண்டு மூன்று நிமிடத்தில் பனி பூத்தால் துணி ஆவியை விடுகிறது. பூக்கவே இல்லை என்றால் அது ரெயின்கோட் பிளாஸ்டிக்குக்கு அண்ணன்.

இந்தச் சோதனை நம் கரைக்கு ரொம்ப முக்கியம். வாட்டர்ப்ரூஃப் ஷார்ட்ஸ் என்கிற பொருளே பிரிட்டன் மாதிரிக் குளிர் ஊர்களின் குளிர்காலச் சேற்றுக்கு உருவானது. ஐந்து டிகிரிக் குளிரில், தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஆவியழுத்த வித்தியாசம் நிறைய இருக்கும். அதுதான் வியர்வையைச் சவ்வு வழியே வெளியே தள்ளுகிறது. கார்த்திகை மழையில் இங்கே 25 டிகிரி, காற்றில் ஈரம் நிறைந்து நிற்கும். அந்த வித்தியாசம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. ஆகவே அட்டையில் எவ்வளவு பெரிய 'ப்ரீதபிலிட்டி' (ஆவியை விடும் திறன்) எண் போட்டிருந்தாலும் இங்கே அதன் பலன் பாதிதான். வெளியே இருந்து நனையாமல் உள்ளேயிருந்து நனைவீர்கள். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

ஆகவே இந்தக் கடற்கரைக்கு முழு வாட்டர்ப்ரூஃப் ஷார்ட்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீட்டும் பின்தொடையும் மட்டும் நீர்புகாத துணி, முன்பக்கமும் பக்கவாட்டும் சீக்கிரம் காயும் மெல்லிய நைலான் என்று கலந்து தைத்த ஷார்ட்ஸ் இருக்கிறது. அதுதான் இங்கே பொருந்தும். மழை மேலே இருந்து நனைத்தாலும், விட்டதும் வாடைக்காற்று காயவைத்துவிடும். சீட்டில் தேங்குவதுதான் காயாது. அதோடு, சீட்டுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு வானத்திலிருந்து வருவதில்லை, பின்சக்கரம் வாரியடிப்பது. சீட் கம்பியில் மாட்டுகிற பின் மட்கார்டு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்குப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். 2,400 ரூபாயில் முதல் முந்நூறு அதற்குப் போகட்டும்.

முழு வாட்டர்ப்ரூஃப் தேவைப்படும் இடமும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் இருபது கிலோமீட்டர்; முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் ஒதுங்க மரமில்லை, கடையில்லை. இருபுறமும் கடல், நடுவே சாலை. மழை பிடித்தால் ஒருமணி நேரம் அதிலேயே இருக்க வேண்டியதுதான். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் எந்த ஷார்ட்ஸும் காப்பாற்றாது, வீட்டில் இருப்பதுதான் புத்தி. மற்ற மழைநாட்களுக்கு, பக்கவாட்டில் ஜிப் வைத்த காற்றுவழி உள்ளதாகப் பாருங்கள். ஜிப்பின் இழுப்பான் உலோகமாக இருந்தால் உப்புக்காற்றில் பூத்துப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பல், பிளாஸ்டிக் இழுப்பான் நல்லது. வெல்க்ரோ வேண்டாம், மணலும் நெருஞ்சியும் ஏறினால் ஒட்டாது.

துணியின் கனமும் கவனிக்க வேண்டியது. வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் மண்பாதையில் போனால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மெல்லிய இரண்டரை லேயர் துணியில் (உள்துணிக்குப் பதில் சவ்வின் மேல் மெல்லிய பூச்சு மட்டும் உள்ளது) ஒரு முள் இழுத்தால் சவ்வு வரை கிழியும், வெளியே பார்த்தால் சிறு கீறலாகத்தான் தெரியும். கண்மாய்க்கரைப் பாதைகளும் அப்படித்தான். அங்கே கனமான மூன்று லேயர், இல்லையென்றால் சாதாரண ஷார்ட்ஸ். நடுவில் இருப்பது காசுக்குக் கேடு.

அளவு விஷயத்தில் 'எல்', 'எக்ஸ்எல்' எழுத்தை நம்ப வேண்டாம். இடுப்பை நாடா வைத்து அளந்து சென்டிமீட்டரில் கேளுங்கள். கடையில் நின்றபடி போட்டுப் பார்ப்பது போதாது. சைக்கிளிலோ ஸ்டூலிலோ உட்கார்ந்து முட்டியை மடித்தால் விளிம்பு மேலே ஏறும். முட்டிக்காப்பு போடுகிறவர்களுக்கு அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். பின்னிடுப்பு முன்னிடுப்பைவிட மூன்று நான்கு விரல் உயரமாக இருக்க வேண்டும்.

விற்றவர்கள் சொன்ன சாக்குகளில் ஒன்று மட்டும் பாதி உண்மை: "சோப்புப் பவுடர் போட்டு அலசிட்டீங்க தம்பி, அதான் போச்சு." பவுடரும் துணி மென்மையாக்கியும் வெளிப்பூச்சைக் கெடுக்கும், சொட்டு உருள்வது நிற்கும், மெய்தான். ஆனால் நாடா இல்லாத தையல் துவைத்ததால் வந்ததல்ல. துவைப்பதற்குத் திரவ சோப்பு கொஞ்சமாய், வெறும் கையால். போர்த்தண்ணியில் அலசினால் உப்பு துணியில் படிந்து ஈரத்தை இழுக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணி அரைக்குடம் செலவழிக்க மனசு வைக்க வேண்டும். நிழலில் காயவைத்து, மேலே பருத்தித் துணி விரித்து மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு ஓரளவு உயிர் பெறும். உராய்வுக்குத் தொடையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சவ்வுத்துணி போடுகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள், எண்ணெய் சவ்வை அடைக்கும். காயாத ஷார்ட்ஸைப் பாலிதீன் பையில் சுருட்டி வைத்தால் பி.யூ. பிசுபிசுத்து உரியும். ஷார்ட்ஸுக்கு உள்ளே சீட்டுப் பக்கம் வைக்கும் மெத்தைப் பேட் ஈரமாக இருக்க, அதோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும், அது ஷார்ட்ஸ் விலையைவிட அதிகம் செலவு வைக்கும்.

பணம் திரும்பக் கேட்பவர்கள் செய்ய வேண்டியது: முதலில் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்த பிறகு இந்தச் சரக்கின் விவரத்தில் 'வாட்டர்ப்ரூஃப்' என்பது சத்தமில்லாமல் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' ஆகிவிட்டது. பில், அட்டை, நாடா இல்லாத தையலின் படம், நனைந்த தாளின் படம், எல்லாம் தேதியோடு இருக்கட்டும். 'தண்ணீர் புகாது என்று எழுதி விற்றீர்கள், தையல் ஒட்டப்படவில்லை' என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதுங்கள். ஃபோனில் பேசினால் சாட்சி இருக்காது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி அவர்களது குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். 2,400 ரூபாய்க்கு யார் போவார்கள் என்றுதான் விற்றவரும் கணக்குப் போட்டிருக்கிறார். 1915-இல் பதிவான புகார் எண்ணைச் சொன்னதும் இருவருக்குப் பணம் திரும்பியது.

இப்போது சுற்றுகிற சரக்கின் அடையாளம்: வலது தொடையில் சாம்பல் நிற முக்கோணம், இடுப்பில் ஆரஞ்சு நாடா, உள்ளே கறுப்பு வலைத்துணி தனியாகத் தொங்கும், அட்டையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி இருக்காது. லேபிள் பெயர் மாறினாலும் தொடைச் சந்தின் நான்கு தையல் மாறவில்லை. விலையை 1,900 ஆகக் குறைத்திருக்கிறார்கள்.