கிளைப் பொறுப்பில் இருப்பவரின் ஓய்வு நாளுக்குக் கூகுள் காலண்டர்: ஒரு மதிப்பீடு

உள்ளூர் அளவில் கட்சி வேலை பார்ப்பவர்களுக்கு வார விடுமுறை என்று ஒன்று தனியாகக் கிடைப்பதில்லை. மற்றவர்கள் வீட்டில் இருக்கும் நாட்களே வீடு வீடாகச் சென்று பேசுவதற்கும், வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பதற்கும், செயற்குழுவைக் கூட்டுவதற்கும் தோதான நாட்கள். நண்பர்களோடு மலையேறவோ குடும்பத்தோடு வெளியூர் செல்லவோ நினைத்தால் அதற்கும் அதே நாட்கள்தான் இருக்கின்றன. கூகுள் காலண்டரைக் கிளை நிர்வாகிகள் அனைவரும் பகிர்ந்து பயன்படுத்தினால் இந்த இழுபறி எந்த அளவுக்குத் தீரும் என்ற ஒரே கோணத்தில் மட்டும் அதை இங்கே மதிப்பிடுகிறேன். 2006 முதல் புழக்கத்தில் உள்ள சேவை என்பதால் பொதுவான அறிமுகம் தேவையில்லை.

மோதல் எங்கே உண்டாகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டும் தங்கும் அறையும் பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. கிளைக் கூட்டத்தின் தேதியோ பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு முன்புதான் முடிவாகிறது. முன்கூட்டியே முடிவான ஒன்று, கடைசி நேரத்தில் முடிவு செய்பவரின் கண்ணில் படாமல் இருப்பதே தகராறுக்குக் காரணம். எனவே எனக்கு நினைவூட்டுவதற்காக அல்லாமல், தேதி குறிக்கும் செயலாளரின் கண்ணில் என் பயணம் படவேண்டும் என்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். நினைவூட்டல் மட்டும் போதுமென்றால் சுவரில் தொங்கும் நாட்காட்டியே தாராளமாகப் போதும்.

அந்த வேலையை இச்சேவை நன்றாகவே செய்கிறது. நம் சொந்தக் காலண்டரைப் பிறருடன் பகிரும்போது, பிஸியா இல்லையா என்பதை மட்டும் காட்டுவதிலிருந்து, நிகழ்வுகளைத் திருத்தவும் பகிர்வை நிர்வகிக்கவும் விடுவது வரை படிப்படியாக உரிமை கொடுக்கலாம். கிளைத் தோழர்களுக்கு முதல் படியே போதும். நான் எங்கே போகிறேன், யாரோடு போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது; அந்த நாளில் நான் கிடைக்கமாட்டேன் என்பது மட்டும் தெரியும். கட்சி வட்டாரத்தில் ஒருவரின் உல்லாசப் பயணம் எவ்வளவு விரைவில் பேச்சாகிவிடும் என்பதை அறிந்தவர்கள் இந்த வசதியின் அருமையை உணர்வார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நிகழ்வுக்கு ‘பிரைவேட்’ என்று குறித்திருந்தாலும், நம் காலண்டரைத் திருத்தும் உரிமை பெற்றவருக்கு விவரம் முழுவதும் தெரியும். ஆகவே அந்த உரிமையைச் சொந்தக் காலண்டருக்கு எவருக்கும் தராமல், கிளைக்கென்று தனியாக ஒரு காலண்டரைத் தொடங்கி அதில் மட்டும் தருவதே முறை.

இதைவிட முக்கியமான குறை வேறொன்று உண்டு. புதிதாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு நாள் பயணத்தை இயல்பாகவே ‘முழு நாள்’ நிகழ்வாகத்தான் பதிவு செய்வோம். அவ்வாறு பதிவு செய்யும்போது, நாமே மாற்றாவிட்டால், அந்நாட்கள் ‘ஃப்ரீ’ என்றே குறிக்கப்படும். பிறந்த நாள், ஆண்டு விழா போன்றவை ஒருவரின் நேரத்தை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை என்ற கணக்கில் இது பொருத்தமாக இருக்கலாம். நம் நிலைமையிலோ விளைவு தலைகீழாகிறது: நம் திரையில் இரண்டு நாட்களின் மேலும் வண்ணப் பட்டை நீண்டு கிடக்கும், செயலாளரின் திரையில் அதே நாட்கள் காலியாக இருக்கும், அவர் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் அன்றைக்கே கூட்டத்தைக் குறித்துவிடுவார். நிகழ்வைத் திறந்து ‘பிஸி’ என்று மாற்ற ஒரு நொடி போதும். அதைச் செய்யாவிட்டால், பகிர்ந்துகொண்டதால் எந்தப் பயனும் இல்லை.

தேர்தல் நாளையும் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும், ஏனெனில் அதற்கு முந்தைய சில வாரங்களில் பயணத்தைப் பற்றிய யோசனையே கூடாது. இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் வழக்கமாக மே மாத முதல் வியாழக்கிழமையில் நடைபெறும்; பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, முதல் வியாழன் என்று அமைத்தால் காலண்டர் அதை ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவின் நாள் அவ்வளவு எளிதாகப் பிடிபடுவதில்லை. 1845-ஆம் ஆண்டுச் சட்டம் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்கிறது. மாதம் செவ்வாயிலேயே பிறந்தால் அது இரண்டாம் செவ்வாயாகிவிடும், 2016-லும் 2022-லும் நவம்பர் 8 வந்தது அப்படித்தான். மீள்நிகழ்வு அமைக்கும் திரையில் எத்தனையாவது செவ்வாய் என்றுதான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் இந்த விதி அதில் அடங்காது. இத்தனைக்கும், காலண்டர் மென்பொருள்களுக்கான பொதுத் தரமான ஆர்.எஃப்.சி. 5545 (2009) அமெரிக்க அதிபர் தேர்தல் நாளையே ஓர் எடுத்துக்காட்டாகத் தந்து, 2 முதல் 8 வரையிலான தேதிகளில் வரும் செவ்வாய் என்று அழகாக எழுதிக் காட்டுகிறது. தேர்தல் தேதியைச் சில வாரங்களுக்கு முன்பு மட்டுமே ஆணையம் அறிவிக்கும் நாடுகளில் இந்த வசதியால் எந்தப் பயனும் இல்லை; உத்தேசமாக ஒரு மாதத்தையே அடைத்துவைக்க வேண்டியதுதான்.

பயணத்தின்போது இது எப்படி நடந்துகொள்கிறது என்பதில் பெரிய குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு காலண்டருக்கும் அறிவிப்பைத் தனித்தனியாக நிறுத்தலாம். அது நமக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் மற்ற நிர்வாகிகளுக்கு நினைவூட்டல் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஏற்கெனவே இறங்கியிருக்கும் நிகழ்வுகளைப் பார்க்கலாம். தொலைபேசி அழைப்புகளை இது எதுவும் செய்யாது. தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று நேரடியாக அழைப்பவருக்குக் காலண்டரைக் காட்ட முடியாதே.

கிளை வேலைக்கு இதைப் பயன்படுத்துபவர்கள் விளக்கக் குறிப்பில் எதை எழுதுகிறோம் என்பதிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இன்ன வீட்டில் இன்னார் யாருக்கு வாக்களிப்பார் என்ற குறிப்பை அதில் எழுதுவது தவறு. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசியல் கருத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவல் வகைகளில் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்திலும், தன் வாக்கு பற்றிய குறிப்பு பத்துப் பேர் பார்க்கும் காலண்டரில் கிடக்கிறது என்று தெரிந்தால் எந்த வாக்காளரும் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார்.

நான் பெரிதும் எதிர்பார்த்து இதில் கிடைக்காத வசதி, எனக்குப் பதிலாக யார் என்பதைக் குறிக்கும் ஒரு கட்டம். நாம் இல்லாத நாளில் மனுவை வாங்குபவர் யார், துண்டறிக்கைக் கட்டு யாரிடம் இருக்கிறது என்பவை தெரிந்தால்தான் ஒருவர் நிம்மதியாகக் கிளம்ப முடியும். இப்போதைக்குக் கிளைக் காலண்டரில் அந்த நாட்களுக்குத் தனி நிகழ்வு ஒன்றை உருவாக்கி, பொறுப்பேற்பவரின் பெயரைத் தலைப்பிலேயே எழுதி, அவரை விருந்தினராகவும் சேர்த்து அழைப்பு அனுப்புகிறோம். அவர் ‘வருகிறேன்’ என்று பதில் தந்த பிறகுதான் பயணச்சீட்டு எடுப்பது என்பது எங்கள் கிளையில் இப்போது எழுதப்படாத விதி. ‘வரலாம்’ என்ற பதிலை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.